பெரியப்பா தட்டிப் பார்த்து எடுத்த பத்து

என் பெரியப்பா காளிராஜன் பொய் சொல்வதில்லையாம். உண்மைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சோறு போட்டு வளர்த்துவிடுகிறாராம், அவ்வளவுதானாம். இது இந்திராணிப் பெரியம்மாவின் தீர்ப்பு. நான் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. புள்ளியியல் படிக்கிறவள் நான். பூனைக்கு எவ்வளவு சோறு போட்டாலும் கொழுத்த பூனைதான் ஆகும், யானை ஆகாது.

ஹூஸ்டனுக்கு மேற்கே, ஒரே மாதிரி நூறு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் பெரியப்பா வீடு. என் பல்கலைக்கழகத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நான் அங்கே போவது பெரியம்மாவின் கத்தரிக்காய்க் குழம்புக்காக. குழம்போடு பெரியப்பாவின் கதையும் இலவசம், வேண்டாம் என்றாலும் கிடைக்கும்.

கதை நடக்கும் இடம் கராஜ். கார் வெளியே வெயிலில் காயும், மனிதர்கள் உள்ளே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பஜ்ஜி தின்பார்கள். வழக்கமாக வருகிறவர்கள் இரண்டு பேர். தூத்துக்குடி சேவியர் அங்கிள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பொறியாளர். கீழக்கரை ஹபீப் அங்கிள், பல் டாக்டர். பெண்கள் அடுப்படியில்தான். 'நீ ஏன் இங்கே வந்தாய்' என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. ஆனால் நாற்காலி போட்டதும் இல்லை. காலி பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு நானே உட்கார்ந்துகொள்வேன்.

இந்த வருஷம் ஜனவரியில் அந்தக் கராஜுக்குள் ஒரு துப்பாக்கி வந்தது. ஒரு குண்டு போனதும் அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. விசையை மட்டும் ஒவ்வொரு தடவையும் இழுக்க வேண்டும். அதற்கு இரும்பு அலமாரி, பூட்டு, சாவி எல்லாம் வந்தன. பிறகு ஏதோ ஒரு நாட்டுப் பட்டாளம் நாற்பது வருஷம் கிடங்கில் வைத்திருந்து, போதும் என்று கழித்துப் போட்ட தோட்டாக்கள் இரண்டு மரப்பெட்டி நிறைய வந்தன. பெட்டி மேல் யாருக்கும் புரியாத எழுத்து. பெரியம்மாவின் வெட் கிரைண்டர் இருந்த இடத்தில் அந்தப் பெட்டிகள் உட்கார்ந்தன. கிரைண்டர் மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கியது.

எதற்கு என்று கேட்டால் "பாதுகாப்புக்கு" என்பார் பெரியப்பா. யாரிடமிருந்து பாதுகாப்பு? பதினோரு வருஷத்தில் அந்தத் தெருவில் நடந்த ஒரே திருட்டு, பின்கட்டுத் தொட்டியிலிருந்த கறிவேப்பிலைக் கிளை. அதை ஒடித்துப் போனதும் சேவியர் அங்கிள்தான். அவரே ஒத்துக்கொண்டார். அவரைச் சுடவா முடியும்?

இதில் சிரிக்க முடியாத ஒன்று இருந்தது. பெரியப்பாவின் ஒரே மகள் வினோதினி, சியாட்டிலில் இருக்கிறாள். ஏழு மாதக் கைக்குழந்தைக்காரி. "துப்பாக்கி இருக்கிற வீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டு வரமாட்டேன்ப்பா" என்று போனில் சொல்லிவிட்டாள். பூட்டு இருக்கிறது, சாவி இருக்கிறது என்று இவர் ஒரு மணி நேரம் வாதாடினார். அவள் ஒரே வார்த்தையில் நின்றாள். இவர் மீசையில் நின்றார். நடுவில் பெரியம்மா, பேத்தியைப் போன் திரையில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடி அறையில் விட்டத்தில் கொக்கி மாட்டி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல் சேலை ஒன்றைத் தொட்டில் கட்ட மடித்து வைத்திருந்தாள். ஏழு மாதமாக அந்தக் கொக்கி வெறுமனே தொங்கியது.

இனி புரட்டாசி மாதத்து ஒரு சனிக்கிழமைக்கு வாருங்கள்.

"பட்டாளம் கழிச்சுப்போட்ட தோட்டாவை எவன் வேணாலும் வாங்கிரலாம்யா" என்று ஆரம்பித்தார் பெரியப்பா, வாழைக்காய் பஜ்ஜியை இரண்டாகப் பிய்த்தபடி. "பொறுக்கத் தெரியணும். துப்பாக்கிச் சந்தை மண்டபத்துல ஆயிரம் பேரு. ஒருத்தனுக்கும் பொறுக்கத் தெரியல. டப்பா மேல எழுதியிருக்கிறதப் படிக்கான், காந்தத்த வச்சுப் பாக்கான். நான் நேராப் போனேன். ஒரு தோட்டாவ எடுத்தேன். காதுகிட்ட வச்சு விரலால சுண்டுனேன்."

"தேங்காய் மாதிரியா?" என்றார் ஹபீப் அங்கிள்.

"தேங்காய் மாதிரியேதான்! 'டங்'குன்னா முத்தல். 'டொங்'குன்னா உள்ள ஈரம். கடைக்காரன் ஆறரை அடி, இடுப்பு வரைக்கும் தாடி. 'ஐயா, இந்த வித்தைய எங்க படிச்சீங்க'ன்னு தொப்பியக் கழட்டிட்டான். பக்கத்துக் கடைக்காரனும் கழட்டிட்டான். அந்த மண்டபத்துல அன்னைக்குத் தொப்பி போட்டிருந்தவன் நான் ஒருத்தன்தான்."

"நீங்க தொப்பியே போட மாட்டீங்களே பெரியப்பா."

"அவன் கழட்டுனத எனக்கு மாட்டிவிட்டான் தாயி. கதைக்குக் குறுக்க வராத. கடைசியில கொசுறு கேட்டேன். 'கொசுறுன்னா என்ன'ன்னான். விளக்கிச் சொன்னேன். கண்ணு கலங்கி ஒரு பெட்டிய அப்பிடியே தூக்கிக் குடுத்துட்டான். அந்த ரெண்டாவது பெட்டி கொசுறு, தெரியும்ல?"

கொசுறாக ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கவே திணறுகிற மனிதர் இவர். ஆனால் சேவியர் அங்கிள் தலையாட்டினார். பஜ்ஜி தட்டு அவர் பக்கம்தான் இருந்தது.

"தட்டுறது முதல் பரிட்சை" என்று தொடர்ந்தார் பெரியப்பா. "ரெண்டாவது மோப்பம். நான் யாரு? சிவகாசிக்காரன். கரிமருந்து என் ரத்தத்துல ஓடுது. தோட்டாவ மூக்குகிட்டக் கொண்டுபோனாப் போதும், எந்த நாடு, எந்த வருசம், எந்தக் கிழமைன்னு சொல்லிருவேன். ஒரு தடவ மோந்து பாத்து, 'இதச் செஞ்ச தொழிலாளி அன்னைக்கு முட்டைக்கோஸ் சூப்பு குடிச்சிருக்கான், உப்பு கம்மி'ன்னேன். அந்த நாட்டுக்காரன் ஒருத்தன் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தான். 'ஆமாய்யா, எங்க ஆலை உணவகத்துல உப்பு கம்மிதான்'னு அழுதுட்டான்."

நான் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"தாத்தா சிவகாசியில காலண்டர்தான அச்சடிச்சாங்க? பட்டாசு எங்க வந்துச்சு? உங்க ரத்தத்துல மை ஓடணும், மருந்து எப்பிடி ஓடும்?"

ஹபீப் அங்கிள் பல் தெரியச் சிரித்தார். பெரியப்பா அசையவில்லை.

"காலண்டர் அச்சாபீசுக்கு அடுத்த கட்டிடம் வெடி ஆலை. காத்து எந்தப் பக்கம் அடிக்கும்? இந்தப் பக்கம். பதினெட்டு வருசம் அந்தக் காத்தக் குடிச்சு வளந்தவன் நான். எங்க வீட்டுல அடுப்புக்குப் பக்கத்துல தும்மவே விடமாட்டாங்க."

அந்த நேரத்தில் பெரியம்மா இரண்டாவது ஈடு பஜ்ஜியோடு வந்தாள். பெரியப்பா ஒரு தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். பித்தளை, நாற்பது வருஷத்தில் களிம்பேறி பச்சையாகக் கறுத்திருந்தது.

"மூணாவதுதான் முக்கியம். பின்பக்கம் பாருங்க. நடுவுல ஒரு பொட்டு இருக்கா? துப்பாக்கி முள்ளு அதுல குத்துனாத்தான் வெடிக்கும். பொட்டச் சுத்திச் செவப்பா ஒரு வளையம், இருக்கா? அரக்கு. ஈரம் உள்ள போகாம அடைச்சிருக்கான். அதுதான் இதுக்கு உசுரு. அந்தச் செவப்பு இருக்கிற வரைக்கும் நீ கடல்ல போடு, வெடிக்கும்."

"இந்தச் செவப்பா?" என்று பெரியம்மா குனிந்து பார்த்தாள். அவ்வளவுதான் கேட்டாள். தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"கடல்ல போடுன்னு சும்மா சொல்லல" என்றார் பெரியப்பா. "போட்டுப் பாத்தேன். கடற்கரையில நிக்கும்போது சட்டப்பையிலருந்து ஒரு தோட்டா விழுந்துருச்சு. அலை இழுத்துட்டுப் போயிருச்சு. மூணு மாசம். அப்புறம் ஒரு நா இவ மீன் வாங்கி அறுத்தா, வயித்துக்குள்ள பளிச்சுன்னு என் தோட்டா!"

"என்ன மீன்?" என்றார் சேவியர் அங்கிள். அவர் பொறியாளராவதற்கு முன் பத்து தலைமுறை கடலுக்குப் போன குடும்பம்.

"விரால்."

"விரால் குளத்து மீனுல்லா? கடல்ல எப்பிடி?"

"அதத்தான் நானும் அதுகிட்டக் கேட்டேன்" என்றார் பெரியப்பா கொஞ்சமும் தயங்காமல். "பாவம், நம்மள மாதிரி விசா எடுத்து வந்த விரால் போலருக்கு. தோட்டாவ எடுத்துத் தொடச்சேன், துப்பாக்கியில போட்டேன், சுட்டேன். 'டமார்!' நூறு கெஜத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவன் மூக்க உறிஞ்சுறான். மீன் குழம்பு வாசம்."

"குழம்பு வைக்கிறதுக்கு முன்னாடியே வாசமா?" என்றேன்.

"நீ படிச்ச பிள்ள. உனக்கு வாசம் தெரியாது."

படித்த பிள்ளை! எங்கள் வீட்டு ஆண்கள் வாதத்தில் தோற்கிற ஒவ்வொரு தடவையும் இந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுகிறார்கள். நீங்களே சொல்லுங்கள், வாசனைக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?

அதற்குள் அவர் கதை, துப்பாக்கி சுட்டுப் பழகும் சுடு களத்துக்குப் போய்விட்டிருந்தது. பத்து குண்டு சுட்டாராம். அட்டையில் ஒரே ஒரு ஓட்டை. களத்து அதிகாரி வந்து, 'ஒன்றுதான் பட்டது, ஒன்பது தவறிவிட்டது' என்றாராம். இவர் சிரித்துக்கொண்டே பின்னாலிருந்த மண்மேட்டைத் தோண்டச் சொன்னாராம். உள்ளே பத்து குண்டும் ஒன்றன் முதுகில் ஒன்றாக, பாண்டியன் எக்ஸ்பிரஸ் பெட்டிகள் மாதிரி வரிசையாக நின்றதாம். இன்னொரு நாள் ஒரு குண்டு குறி தவறி ரோட்டுப் பக்கம் போய்விட்டதாம். நாலு பக்கமும் நிறுத்தப் பலகை உள்ள சந்திப்பில் அது நின்று, மற்ற வண்டிகளுக்கு வழிவிட்டு, பிறகு போனதாம். "ஏன்னா நான் பொறுக்குன தோட்டா. ஒழுக்கமான தோட்டா."

"புயலச் சொல்லுங்கண்ணே" என்று எடுத்துக் கொடுத்தார் ஹபீப் அங்கிள். கேலிக்குத்தான். பெரியப்பாவுக்கு அது தெரியாது, அல்லது தெரிந்தும் கவலையில்லை.

"புயல்! ஊரே சன்னலுக்குப் பலகை அடிச்சுக்கிட்டிருக்கு. நான் மட்டும் பின்வாசல்ல துப்பாக்கியோட நிக்கேன். டிவியில 'புயலின் கண், புயலின் கண்'ங்கான். கண்ணுன்னு ஒண்ணு இருந்தா அதுல குறி வைக்கலாம்ல? பொறுக்கி எடுத்த தோட்டா ஒண்ணு. மூச்சப் பிடிச்சேன். ஒரே சூடு. கண்ணப் பொத்திக்கிட்டுப் பக்கத்து மாநிலத்துக்கு ஓடிருச்சு."

"நமக்கு மூணு நாள் கரண்டு இல்லையே அண்ணே?" என்றார் சேவியர் அங்கிள்.

"அது அழுதுக்கிட்டே போனதுல நனஞ்ச கம்பி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் அடுப்படிச் சன்னல் வழியாகப் பெரியம்மா தெரிந்தாள். போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்து, திரையிலிருந்த குழந்தைக்குக் கையைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை வேறு பக்கம் பார்த்தது. அதற்கு இவள் குரலும் தெரியாது, வாசமும் தெரியாது. 

"பெரியப்பா, ஒரு பரிட்சை வைப்போமா?" என்றேன் வாளியிலிருந்து எழுந்து. "உங்க பெட்டியிலருந்து நீங்களே பத்து தோட்டா பொறுக்குங்க. தட்டுங்க, மோந்து பாருங்க, சோழி போடுங்க, என்ன வேணாலும் செய்யுங்க. அடுத்த சனிக்கிழமை களத்துல எல்லாரும் பாக்கச் சுடுங்க. பத்தும் வெடிச்சா நான் இனிமே இந்தக் கராஜுல வாயே திறக்கல. ஒண்ணே ஒண்ணு வெடிக்கலன்னாலும் துப்பாக்கியும் பெட்டியும் வாங்குன கடைக்கே திரும்பிப் போகணும்."

 பெரியப்பா இரண்டு கையாலும் மீசையை நீவினார்.

"பத்துல ஒண்ணு பொய்ச்சாக்கூட, துப்பாக்கிய மட்டுமில்ல தாயி, இந்த மீசையவும் எடுத்துருதேன். சேவியரு, ஹபீபு, நீங்கதான் சாட்சி."

அப்போதே பொறுக்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம். டங், டொங், டங். மூக்கு, வெளிச்சம், மறுபடி காது. பத்தையும் பழைய இட்லிப்பொடி எவர்சில்வர் டப்பாவில் போட்டு அடுப்படிக்குப் போனார்.

"இந்திராணி, வியாழக்கிழமை ஆயுத பூஜை. துப்பாக்கியவும் இந்தப் பத்தையும் சாமிகிட்ட வைக்கணும். எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பப் போறேன். பித்தளை ஒரே களிம்பா இருக்கு பாரு. பளபளன்னு ஆக்கி வையி."

"சரிங்க" என்றாள் பெரியம்மா.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் செய்தது மடத்தனம். பட்டாளத்துத் தோட்டாவைப் பட்டாளத்துக்காரன் அலட்சியமாகவா செய்திருப்பான்? தேடிப் படித்தேன். நன்றாக அடைத்து வைத்திருந்தால் நூற்றுக்கு ஒன்று வெடிக்காமல் போனாலே அதிகம். நூற்றுக்கு ஒன்று என்றே வைத்தாலும் பத்தும் வெடிக்க நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு. பெரியப்பா தட்டினாலும் தட்டாவிட்டாலும். வாதம் செய்யும் வேகத்தில், புள்ளியியல்காரி நான், கணக்குப் போடாமல் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

பெரியம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "பத்துக்கு ஒரு வாய்ப்புத்தான் நமக்கு. மன்னிச்சிருங்க."

"பத்துக்கு ஒண்ணா" என்றாள் பெரியம்மா. தட்டைத் துடைத்து அடுக்கினாள். "சரி, விடு. அந்தப் புளி டப்பாவ அந்த மேல் தட்டுலருந்து எடுத்துக் குடுத்துட்டுப் போ. எனக்கு எட்டல."

எடுத்துக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை நான் வகுப்பில் இருந்தபோது போட்டோ வந்தது. வாழை இலைக்கு மேல் துப்பாக்கி, சந்தனம் குங்குமத்தோடு. பக்கத்தில் கார்ச் சாவி, கத்தரிக்கோல், மடிக்கணினி, வெட் கிரைண்டரின் குழவிக்கல். முன்னால் பத்து தோட்டா. அடேயப்பா! குத்துவிளக்கு மங்கிப் போய்த் தெரிந்தது. நாற்பது வருஷக் களிம்பு போன இடம் தெரியவில்லை. ஒவ்வொன்றும் தங்கக் குண்டுமணி மாதிரி மின்னியது. பெரியப்பா அதை ஏழு வாட்ஸப் குழுவுக்கு அனுப்பியிருந்தார். 'பொறுக்கியவர்: சிவகாசி காளிராஜன்' என்று கீழே எழுத்து. பொறுக்கியவர் பெயர் இருந்தது. தேய்த்தவர் பெயர் இல்லை. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

சனிக்கிழமை பத்து மணி. சுடு களம். டேல் என்று ஒரு வயதான அதிகாரி, தொப்பியும் காதடைப்பானுமாக வந்து, தோட்டாக்களுக்குள் இரும்பு இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். முப்பது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறாராம், பட்டாளம் கழித்த தோட்டா இப்படி ஜொலித்து அவர் பார்த்ததே இல்லையாம்.

"சொன்னேன்ல" என்று பெரியப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

உட்கார்ந்தார். மூச்சைப் பிடித்தார். சேவியர் அங்கிளும் ஹபீப் அங்கிளும் காதைப் பொத்திக்கொண்டார்கள். பெரியம்மா மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசையை இழுத்தார்.

டிக்.

அவ்வளவுதான். எங்கள் வீட்டு காஸ் அடுப்பு லைட்டர் இதைவிடச் சத்தம் போடும்.

வெடிக்காத தோட்டா தாமதமாக வெடித்துவிடலாம் என்று ஒரு விதி. துப்பாக்கியை இலக்குப் பக்கமே நீட்டியபடி அரை நிமிஷம் அசையாமல் இருக்க வேண்டும். இருந்தார். பிறகு டேல் அதை எடுத்து மூலையிலிருந்த வாளியில் போட்டார்.

"முதல் தோட்டா பிள்ளையாருக்கு" என்றார் பெரியப்பா.

இரண்டாவது. டிக். அரை நிமிஷம். "துப்பாக்கி இன்னும் சூடாகல."

மூன்றாவது. டிக். "காத்து எதிர்க்க அடிக்குது."

"உள்ள இருக்கிற தோட்டாவுக்குக் காத்து எப்பிடிண்ணே அடிக்கும்?" என்றார் சேவியர் அங்கிள். 

நான்காவதிலிருந்து காரணம் சொல்வதை விட்டுவிட்டார். ஏழாவதில் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பக்கத்து வரிசைகளில் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டு, இவரது டிக்குக்காகக் காத்திருந்தார்கள். பத்தாவதும் டிக். அந்த அரை நிமிஷம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமானது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பத்துக்குப் பத்து பொய்க்க என்ன வாய்ப்பு என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன், ஒன்றுக்குப் பின்னால் இருபது சைபர் போட்டால் வருகிற எண்ணில் ஒரே ஒரு பங்கு. இது தற்செயல் இல்லை என்று எந்த முதல் வருஷ மாணவியும் சொல்லிவிடுவாள்.

டேல் வாளியிலிருந்து ஒன்றை எடுத்துப் பின்பக்கம் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி மோந்தார்.

"ஐயா, தப்பாக நினைக்காதீர்கள்" என்றார் தன் ஊர் இங்கிலீஷில். "இதை என்ன, கறி வாட்டும் சாஸில் ஊறப் போட்டீர்களா?"

சிவகாசி மூக்குக்குத் தெரியாதது டெக்ஸாஸ் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. பெரியப்பா ஒரு தோட்டாவை வாங்கி மோந்தார். மெல்லத் திரும்பினார்.

"இந்திராணி. இத எதப் போட்டுத் தேச்ச?"

"புளியும் உப்பும்" என்றாள் பெரியம்மா. "பித்தளைய வேற எதப் போட்டுத் தேப்பாங்க? களிம்பு விடாப்பிடியா இருந்துச்சு. சுடுதண்ணியில கரைச்சு நாலு நாள் ஊற வச்சேன்."

"நாலு நாளா!"

"பளபளன்னு ஆக்கச் சொன்னீங்களே."

பெரியப்பா தோட்டாவைத் திருப்பினார். பின்பக்கப் பொட்டு மொட்டையாக இருந்தது. "இதச் சுத்தி இருந்த செவப்பு எங்க?"

"போன வருசத்துக் குங்குமம்லா ஒட்டியிருந்துச்சு? பழைய குங்குமத்தோட எப்பிடிச் சாமிகிட்ட வைக்கிறது? தேங்கா நாரப் போட்டுச் சுரண்டி எடுத்தேன். நகமே தேஞ்சு போச்சு" என்று விரலை நீட்டிக் காட்டினாள்.

அவரால் கோபப்படக்கூட முடியவில்லை. தேய்க்கச் சொன்னவர் அவர். ஏழு குழுவுக்குப் போட்டோ அனுப்பியவர் அவர். சாட்சி இரண்டு பேர். திரும்பும் வழியிலேயே கடை இருந்தது. துப்பாக்கி அன்றே போனது, பெட்டிகள் மறுநாள். ஞாயிறு காலை பெரியப்பா குளியலறையிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு நிமிஷம் யாரோ என்று இருந்தது. மேலுதடு அவ்வளவு வெள்ளை.

தீபாவளிக்கு வினோதினி வந்துவிட்டாள்.

கராஜில் மரப்பெட்டி இருந்த இடத்தில் வெட் கிரைண்டர் பழைய கம்பீரத்தோடு உட்கார்ந்திருந்தது. அதே மடக்கு நாற்காலிகள். அதே இரண்டு பேர். என் பெயின்ட் வாளிக்குப் பதிலாக யாரோ ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கை முறுக்கு. பெரியப்பா எழுந்து நின்றார்.

"பத்தும் ஏன் வெடிக்கலன்னு ஊருல ஆளாளுக்கு ஒண்ணு பேசுறான். புளிங்கான், ஈரம்ங்கான். எனக்குல்ல தெரியும்? ஆயுத பூஜையில வச்சோம். சந்தனம் வச்சோம், சூடம் காட்டுனோம். அப்ப அது என்ன? தோட்டாவா? தெய்வம்யா! தெய்வம் கருவறைய விட்டு வெளிய வருமா? நான் விசைய இழுக்கேன், உள்ளருந்து ஒரு குரல்: 'காளிராஜா, எங்களப் பொறுக்கி எடுத்த உன் கையாலயா எங்கள வெளிய தள்ளுத?' பத்தும் அழுவுது. எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. சரி தாயே, இருங்கன்னு விட்டுட்டேன்."

"எங்க மாதாவே வருசம் ஒருக்கா தேர்ல வெளிய வருது அண்ணே" என்றார் சேவியர் அங்கிள்.

"அது தூத்துக்குடி. காத்தோட்டத்துக்கு வருது."

"மீசை?" என்றார் ஹபீப் அங்கிள்.

"பேத்திக்குக் குத்துமேன்னு நானே எடுத்தேன். பந்தயத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

நான் வாதாட வாயைத் திறந்தேன். பிறகு என்னவோ மூடிக்கொண்டேன். ஒரு கை முறுக்கை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

கொக்கியில் நூல் சேலைத் தொட்டில் தொங்கியது. உள்ளே கனம் இருந்தது. சேலையின் மடிப்பு வழியாக ஒரு சின்னக் குதிகால் மட்டும் வெளியே தெரிந்தது. பெரியம்மா தரையில் உட்கார்ந்து ஒரு விரலால் ஆட்டிக்கொண்டிருந்தாள். விரல் நகத்தில் இன்னும் அந்தத் தேய்மானம் இருந்தது.

நான் அந்த நகத்தையே பார்த்தேன். மூன்று வாரமாக என்னவோ இடித்துக்கொண்டிருந்த கணக்கு அப்போதுதான் கூடிவந்தது.

"பெரியம்மா, துப்பாக்கியும் தோட்டாவும் இந்த ஜனவரியிலதான வந்துச்சு? போன வருச ஆயுத பூஜைக்கு இந்த வீட்டுல தோட்டாவே கிடையாது. அப்பறம் எங்கேருந்து வந்துச்சு போன வருசத்துக் குங்குமம்?"

பெரியம்மா தொட்டிலை நிறுத்தவில்லை. உதட்டில் விரல் வைத்து, பிள்ளை தூங்குது என்று சைகை காட்டினாள். குதிகாலைச் சேலைக்குள் தள்ளி மூடினாள். பிறகு என்னைப் பார்க்காமலே, மிக மெல்லச் சொன்னாள்:

"இந்த வீட்டுல அவரு ஒருத்தர்தான் புளுகணும்னு எதுவும் சட்டமா இருக்கு?"